காணிக்கு உறுதி பார்ப்போர் பிள்ளைக்குப் பாராததேன்?

ரொறன்ரோ நகரிற் கணக்காளராகக் கடமையாற்றும் சகோதரியார் ஒருவரிடமிருந்து சென்ற மாதம் எமக்கொரு கடிதம் கிடைத்தது. வயது நாற்பத்திரண்டு. மணமாகவில்லை, மணம் புரியும் எண்ணமும் இல்லை. நீர்வேலியில் வாழைத் தோட்டஞ் செய்த தகப்பனாரையும் தாயாரையும் தம்முடன் அழைத்துச்சென்று, இறுதிவரை பேணி வழியனுப்பியவர். "பிள்ளையொன்றை வளர்க்க ஆசைப்படுகிறேன், ஐயா. வேறொரு நாட்டிலிருந்து எடுத்துத் தருவதாக ஒரு முகவர் நிலையத்தார் சொல்லுகிறார்கள். தனித்தவளென்பது தடையில்லையாம். முற்பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?" என்பதே அவர் வினா. கடிதத்துடன் அந்நிலையத்தின் வழவழப்பான விளம்பர ஏடும் வந்தது. அதில் ஏழு கைக்குழந்தைகளின் வண்ணப் படங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு பெயர், ஒரு வயது, அதனையடுத்து ‘உடன் கிடைக்கும்’ என்றொரு குறிப்பு.

உடன் கிடைக்குமாம்! உழவு இயந்திரம் விற்போனும் உரமூடை விற்போனும் எழுதுகின்ற சொல்லைப் பெற்ற வயிற்றிற் பிறந்த பிள்ளைக்கு எழுதத் துணிந்தவர்களை என்னென்று சொல்வது!

சகோதரியாருக்குத் தனியே பதில் எழுதிவிட்டோம். ஆயினும் ஓராண்டுக்குள் இவ்விடயமாக எமக்கு வந்த கடிதங்களில் இது மூன்றாவது. ஒன்று இலண்டனிலுள்ள வைத்தியரிடமிருந்து, மற்றது மனைவியை இழந்த ஓர் ஆசிரியரிடமிருந்து. எம்மவரிற் பலர் படித்துப் பதவி பெற்றுத் தனித்து வாழ்கின்றனர். பிள்ளையாசை மணமானவருக்கு மாத்திரம் உரியதன்று. ஆதலின் தனிக்கடிதத்தில் எழுதியதைப் பகிரங்கமாகவும் எழுதுவது கடமையாயிற்று.

முதலில் ஒரு சாராரைப் பேசி ஒதுக்கிவிடுவோம். "மணமாகாதவளுக்குப் பிள்ளை எதற்கு? ஊர் என்ன சொல்லும்?" என்று கேட்போர் அவர். 2009இற் போர் ஓய்ந்தபின் வன்னியிலும் வாகரையிலும் எத்தனை வீடுகளின் கூரையை ஒரு பெண்ணின் தனித்தோள் தாங்கி நிற்கிறதென்பதை இவர்கள் சென்று பார்க்கட்டும். அந்தத் தாய்மாரின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவில்லையா? பல்கலைக்கழகம் புகவில்லையா? சட்டமும் இவர்கள் பக்கமில்லை. மகவேற்பை இங்கிலாந்திற் சட்டமாக்கிய 1926ஆம் ஆண்டுச் சட்டமே தனியொருவர் விண்ணப்பிப்பதற்கு இடமளித்தது. தனித்த ஆணொருவர் பெண்பிள்ளையை ஏற்பதற்கு மாத்திரம் விசேட காரணம் வேண்டுமென்றது. இந்தியாவின் 2015ஆம் ஆண்டுச் சிறுவர் நீதிச் சட்டமும் தனித்த பெண் எப்பிள்ளையையும் ஏற்கலாமென்றும், தனித்த ஆண் பெண்பிள்ளையை ஏற்கலாகாதென்றும் விதிக்கிறது. ஆகவே தனிமை குற்றமன்று. இதற்கு மேல் இவர்களோடு வாதிட எமக்கு நேரமில்லை.

எமது வழக்கு மற்றொரு சாராரோடு. "அன்பு இருக்கிறது, பணமும் இருக்கிறது, வறிய நாடொன்றில் திக்கற்ற பிள்ளையும் இருக்கிறது, இடையிலே சட்டம் எதற்கு, கேள்வி எதற்கு?" என்பாரே, அவர்களோடு. இவர்கள் நல்லவர்கள். நல்லவர்களாக இருப்பதனாலேயே இவர்கள் தரகனுக்கு இனிய இரையாகின்றனர். இவர்கள் கொடுத்த பணமே எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இந்த இலங்கைத் தீவைப் பிள்ளை ஏற்றுமதிச் சந்தையாக்கிற்று.

அந்தக் கதையை மறந்துவிட்டோமா? எம் மண்ணிலிருந்து 11,000 பிள்ளைகள் வரையில் ஐரோப்பாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர் என்பது கணக்கு. அவர்களில் ஆயிரக்கணக்கானோர் நெதர்லாந்துக்குச் சென்றனர். 1973க்கும் 1997க்கும் இடையில் 900 பேர் அளவில் சுவிற்சர்லாந்துக்குச் சென்றனர். வறுமையில் உழன்ற தாய்மாரைத் தேடிப்பிடிக்க ஆளிருந்தது. பிறப்புச் சான்றிதழைத் திருத்த ஆளிருந்தது. நீதிமன்றத்திற் பெற்ற தாயாக நடிக்கக் கூலிக்கு அமர்த்தப்பட்ட பெண்களும் இருந்தனர். பிள்ளை இறந்துவிட்டதென்று வைத்தியசாலையிற் சொல்லப்பட்டதாக முதுமையில் வந்து சாட்சியம் கூறிய தாய்மாரும் உளர். ‘பிள்ளைப் பண்ணைகள்’ இருந்தன என்பதை 2017ஆம் ஆண்டில் அன்றைய சுகாதார அமைச்சரே நெதர்லாந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் ஒப்புக்கொண்டார். தாயையும் பிள்ளையையும் இணைக்க மரபணுத் தரவு வங்கி அமைப்பதாகவும் வாக்களித்தார். அவ்வாக்கு முழுமையாக நிறைவேறும்வரை எமது பாராளுமன்றப் பிரதிநிதிகள் ஓயலாகாது. அத்தாய்மார் எந்த மொழி பேசினர் என்பது இங்கே எமக்குப் பொருட்டன்று.

நாம் இங்கே நினைவூட்ட விரும்புவது வேறொன்று. அப்பிள்ளைகளைப் பெற்றுச்சென்ற ஐரோப்பியப் பெற்றோரிற் பெரும்பாலோர் கள்வரல்லர். அவர்கள் பதிவுபெற்ற நிறுவனங்களுக்கே சென்றனர், ரசீது பெற்றனர், இலங்கை நீதிமன்றத்தின் முத்திரையிட்ட கட்டளையையும் கையிற் பெற்றனர். எல்லாத் தாளும் ஒழுங்காக இருந்தன. தாளிற் கூறப்பட்டதே பொய்யாக இருந்தது. 2021 பெப்ரவரியில் நெதர்லாந்து அரசு நியமித்த ஆணைக்குழு, 1967 முதல் 1998 வரை இலங்கை, இந்தோனேசியா, வங்காளதேசம், பிரேசில், கொலம்பியா ஆகிய ஐந்து நாடுகளிலிருந்து நடந்த மகவேற்புகளை ஆராய்ந்து, முறைகேடுகள் நெடுங்காலம் ஊறிக் கிடந்தனவென்றும், அரசு அறிந்திருந்தும் தலையிடவில்லையென்றும் கூறிற்று. அன்றே அமைச்சர் மன்னிப்புக் கேட்டு, வெளிநாட்டு மகவேற்பை நிறுத்தினார். பின்னர் ஓரளவு திறக்கப்பட்ட கதவைப் படிப்படியாக முற்றாக மூடுவதென்று 2024இல் நெதர்லாந்து தீர்மானித்தது. சுவிற்சர்லாந்துச் சமஷ்டி அரசும் தடை விதிக்கும் நோக்கத்தை 2025 ஜனவரியில் அறிவித்தது.

நாடொன்றின் அரசும் நீதிமன்றமும் சேர்ந்து ஏமாற முடியுமாயின், ரொறன்ரோவிலிருந்து தொலைபேசியில் விசாரிக்கும் ஒரு சகோதரி ஏமாற எவ்வளவு நேரம் செல்லும்?

‘அநாதை’ என்ற சொல்லும் அப்படிப்பட்டதே. ஆழிப்பேரலைக்குப் பின் கல்முனை வைத்தியசாலையில் ‘இலக்கம் 81’ என்று குறிக்கப்பட்டுக் கிடந்த தமிழ்க் கைக்குழந்தையை வாசகர் மறந்திருக்கமாட்டார். உரியார் எவரோ என்று உலகமே இரங்கிற்று. பெற்ற தாயும் தந்தையும் உயிரோடிருந்தனர். 2005 பெப்ரவரியில் மரபணுப் பரிசோதனை அதனை நிறுவியபின் பிள்ளை அவர்கள் கையில் ஒப்படைக்கப்பட்டது. அந்நாட்களில் அவசரக்காரத் தரகன் ஒருவன் குறுக்கிட்டிருந்தால் அப்பிள்ளை இன்று எங்கே, எப்பெயரில் இருக்கும்? ஆழிப்பேரலையாற் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் பராமரிப்புக்கெனவும் 2005இன் 16ஆம் இலக்கச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. தென் கொரியாவில் நடந்ததும் இதுவே. பெற்றோர் உயிரோடிருக்கப் பிள்ளைகளை அநாதைகளெனப் பதிந்தும், ஒரு பிள்ளையின் பத்திரத்தை இன்னொரு பிள்ளைக்கு மாற்றியும் நிலையங்கள் அனுப்பினவென்று அந்நாட்டின் உண்மை, நல்லிணக்க ஆணைக்குழு 2025 மார்ச்சிற் கண்டறிந்தது.

இனித் தனித்தவரின் நிலைக்கு வருவோம். இதுவே எமது கட்டுரையின் உயிர்நிலை.

வெளிநாட்டு மகவேற்பென்ற வயல் வற்றிவிட்டது. 2004ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவுக்கு மாத்திரம் ஏறத்தாழ 23,000 பிள்ளைகள் பிறநாடுகளிலிருந்து வந்தனர். 2023இல் அத்தொகை 1,300ஐத்தானும் எட்டவில்லை. குவாத்தமாலாவிலிருந்து 2007இல் 4,700க்கு மேற்பட்ட பிள்ளைகள் அமெரிக்கா சென்றனர். அடுத்த ஆண்டே அந்நாடு புதிய விண்ணப்பங்களுக்குக் கதவடைத்தது. எதியோப்பியா 2018இல் தடைசெய்தது. 1992 முதல் 1,60,000க்கு மேற்பட்ட பிள்ளைகளை அனுப்பிய சீனா 2024இல் நிறுத்திற்று. டென்மார்க்கில் எஞ்சியிருந்த ஒரே நிலையமும் 2024 ஜனவரியிற் கடையை மூடப்போவதாக அறிவித்தது. இன்று சட்டப்படி வெளிநாட்டுக்கு அனுப்பப்படும் பிள்ளைகளிற் பெரும்பாலோர் வளர்ந்த பிள்ளைகள், பிரிக்கலாகாத உடன்பிறந்தோர், நோயோ அங்கக் குறைவோ உடையோர். ஆகவே ஏழு கைக்குழந்தைகளின் படத்தை அச்சிட்டு ‘உடன் கிடைக்கும்’ என்பவன், வேறு சாட்சியமின்றித் தன் வாயாலேயே அகப்பட்டுக்கொள்கிறான்.

பிள்ளை குறைந்தது, நிலையங்களின் வாடகையும் சம்பளமும் குறையவில்லை. இந்நிலையில் யாரைத் தேடுவர்? எந்நாட்டுக் கதவும் எளிதில் திறவாதவரைத் தேடுவர். தம்பதியருக்குப் பல வழிகள் உண்டு. தனித்தவருக்கோ நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக மறுப்புச் சொல்லும். சீனாவே ஒரு காலத்தில் தனித்த பெண்களுக்குப் பிள்ளை கொடுத்துவந்து, 2007 மே மாதத்திலிருந்து தம்பதியருக்கு மாத்திரமென்று விதித்தது. பின்னர் விசேட கவனிப்பு வேண்டிய பிள்ளைகளுக்கென அவ்விதியைத் தளர்த்திற்று. மறுப்புக் கேட்டுக் கேட்டு மனம் புண்பட்ட ஒரு பெண்ணிடம், "உங்களுக்கு முடித்துத் தருகிறோம்" என்று ஒருவன் சொல்வானாயின், அச்சொல்லின் விலையை அவனே நிர்ணயிப்பான். ஆதலின் நாம் சொல்வது இது: தனித்தவராகச் செல்லும் உங்களுக்கு முதற் சந்திப்பிலே மறுப்புச் சொல்லத் தெரிந்த நிலையமே நம்பத்தக்க நிலையம். "இன்ன நாடு உங்களை ஏற்காது, இன்ன நாடு ஏற்கும், ஆனால் கைக்குழந்தை கிடையாது, இத்தனை ஆண்டு செல்லும், இறுதியிற் கிடையாமலும் போகலாம்" என்று முகத்துக்கு நேரே சொல்பவரைத் தேடிச் செல்லுங்கள். கொலம்பியா, பல்கேரியா, இந்தியா போன்ற நாடுகள் தனித்தவரின் விண்ணப்பத்தை ஏற்பன. அவற்றிலும் வயதெல்லையும் நிபந்தனையும் உண்டு. அந்நிபந்தனைகளைச் சட்டப் பிரிவோடு எழுத்திற் தருமாறு கேளுங்கள். "அங்கே எங்கள் ஆளிருக்கிறார், பார்த்துக்கொள்வார்" என்ற விடை வருமாயின், தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

யாழ்ப்பாணத்துத் தமிழன் ஐந்து பரப்புக் காணி வாங்குமுன் என்ன செய்கிறான்? முப்பது வருட உறுதியைப் புரட்டுகிறான். காணிக் கந்தோரில் தேடுதல் செய்விக்கிறான். தோம்பில் யார் பெயர் நின்றதென்று கேட்கிறான். ஈடு கிடக்கிறதா, கூட்டுப் பங்காளி இருக்கிறாரா என்று விசாரிக்கிறான். எல்லை வேலியை மும்முறை நடந்து பார்க்கிறான். விற்பவனின் சிரிப்பைக் கண்டு கைச்சாத்திட்டவன் எவனாவது உண்டா? அப்படிப்பட்டவனின் மகளா வண்ணப் படத்தைப் பார்த்து முற்பணம் அனுப்புவது!

பிள்ளை விடயத்தில் உறுதிக்கு ஈடான பத்திரமும் உண்டு, தேடுதல் செய்யும் கந்தோரும் உண்டு. 1993 மே 29இல் ஹேக் நகரில் முடிவான மகவேற்புச் சமவாயம் அது. 1995 மே 1இல் அது நடைமுறைக்கு வருவதற்கு மூன்று நாடுகளின் ஏற்புறுதி வேண்டியிருந்தது. மெக்சிக்கோவும் ருமேனியாவும் முதலிரண்டு, மூன்றாவது இலங்கை. நெருப்பு யாரைச் சுட்டதோ அவர்களே முதலில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினர் போலும். அச்சமவாயத்தின் 11ஆம் உறுப்புரையைச் சகோதரியார் மனனஞ் செய்யட்டும். அங்கீகாரம் பெறும் நிறுவனம் இலாப நோக்கற்றதாக இருத்தல் வேண்டும். ஒழுக்கமும் பயிற்சியும் உடையோரால் நடத்தப்படுதல் வேண்டும். அதன் அமைப்பும் செயலும் பணக்கணக்கும் அரசின் மேற்பார்வைக்கு உட்படுதல் வேண்டும். 12ஆம் உறுப்புரை அதனினும் கூரியது. ஒரு நாட்டில் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் இன்னொரு நாட்டில் இயங்குவதற்கு இரு நாடுகளும் அனுமதித்திருத்தல் வேண்டும். இஃது இரட்டைப் பூட்டு. ஒரு சாவியை மாத்திரம் காட்டி "அங்கீகாரம் உண்டு" என்பவன் பாதி உண்மை பேசுகிறான். எனவே நிலையத்தாரிடம் அத்தாட்சிப் பத்திரத்தைக் கேட்டு அதோடு அமையாதீர். பிள்ளையை அனுப்பும் நாட்டின் மத்திய அதிகாரசபைக்கும், நீங்கள் வாழும் நாட்டின் அதிகாரசபைக்கும் நீங்களே எழுதுங்கள். சகோதரியார் வாழும் ஒன்ராறியோ மாகாணத்தில் இதற்கென 1998ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. அனுமதிப்பத்திரம் பெற்ற நிலையங்களே இப்பணியைச் செய்யலாம்.

அனுமதிப்பத்திரம் இருப்பதும் போதாது. அது நேற்று வரையா, இன்று வரையா என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திற் பெயரும் புகழும் அங்கீகாரமும் பெற்றிருந்த நிறுவனமொன்றை அந்நாட்டு இராஜாங்கத் திணைக்களம் 2016 டிசெம்பரில் மூன்றாண்டுக்குத் தடைசெய்தது. யுகண்டாவில் நீதிபதிகளுக்குங்கூடக் கையூட்டுக் கொடுத்துப் பிள்ளைகளைப் பெற்றதாக அந்நிறுவனத்தோடு தொடர்புடையோர் மீது 2020இற் குற்றப்பத்திரம் பகிரங்கமாயிற்று. விளம்பர ஏட்டில் இவையெல்லாம் வருமா?

பணத்தைப் பற்றி நாம் நீண்டு பேசப்போவதில்லை. 32ஆம் உறுப்புரை தெளிவு: செலவும் நியாயமான தொழிற்கட்டணமும் அன்றி எவரும் இதிற் சம்பாதிக்கலாகாது. ஆகவே ஒவ்வொரு செலவும் தனித்தனியே எழுதப்பட வேண்டும். எது திரும்பக் கிடைக்கும், எது கிடையாது என்பதும் எழுதப்பட வேண்டும். பிள்ளையின் நாட்டுக்குக் காசுக் கட்டோடு வரச் சொல்பவனையும், சிறுவர் இல்லத்துக்கு ‘நன்கொடை’ என்று தொகை குறிப்பவனையும் விட்டு விலகுங்கள். எண்பதுகளில் இந்நாட்டிற் புழங்கியதும் நன்கொடை என்ற பெயரோடுதான்.

தாயைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். சமவாயத்தின் 4ஆம் உறுப்புரைப்படி தாயின் இசைவு பிள்ளை பிறந்த பின்னரே பெறப்பட வேண்டும்; பணத்தாலோ பண்டத்தாலோ தூண்டப்பட்டதாக இருத்தலாகாது; அதன் விளைவு அவளுக்கு விளக்கப்பட்டிருத்தல் வேண்டும். பிறந்த நாட்டிலேயே பிள்ளைக்கு ஒரு குடும்பம் கிடைக்குமா என்பதும் முதலில் ஆராயப்பட வேண்டும். இந்தியாவில் இலக்ஷ்மி காந்த் பாண்டே என்னும் சட்டத்தரணி எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று, 1984இல் நீதியரசர் பகவதி தீட்டிய தீர்ப்பும் இதனையே வற்புறுத்திற்று. (சட்டத்தரணிகள் கடிதம் எழுதினால் என்ன பயனென்று கேட்கும் நண்பர்கள் இதனைக் குறித்துக்கொள்வார்களாக.) இன்னும், விண்ணப்பதாரரின் தகைமை உறுதியாகி ஏனைய நிபந்தனைகளும் நிறைவேறுமுன் அவரும் பிள்ளையின் பெற்றோரோ காப்பாளரோ ஒருவரையொருவர் தொடர்புகொள்ளலாகாது என்பது 29ஆம் உறுப்புரை. இதன் கருத்தென்ன? பேரம் பேச இடம் கொடாதே என்பதுதான். உங்கள் இல்ல ஆய்வு அறிக்கை எழுதப்படுமுன் பிள்ளையின் படத்தை அனுப்பும் நிலையம் என்ன செய்கிறது? தூண்டிலில் இரை குத்துகிறது. படத்தைப் பார்த்தபின் மனம் அப்பிள்ளையிற் பற்றிவிடும், பிறகு கேட்ட பணமெல்லாம் கொடுப்பீர்கள், சந்தேகமெல்லாம் விழுங்குவீர்கள். எத்தனை பேர் அவ்வாறு விழுங்கினர் என்பதற்கு ஐரோப்பாவில் வளர்ந்து இன்று தாயைத் தேடி இலங்கைக்கு விமானமேறி வரும் பிள்ளைகளே சாட்சி.

எமது முன்னோருக்கு இது தெரிந்திருந்தது. தேசவழமையிற் பிள்ளையைத் தத்தெடுப்பவர் அதனை மறைவிற் செய்யவில்லை. உரித்துக்காரரின் இசைவைக் கேட்டு, உற்றாரும் ஊராரும் பார்த்து நிற்க, மஞ்சள் நீர் அருந்தியே பிள்ளையைத் தமதாக்கினர். 1707இல் ஒல்லாந்தர் அவ்வழமையைத் தொகுத்தபோது அதனையும் எழுதிவைத்தனர். 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க மகவேற்புக் கட்டளைச் சட்டம் அக்காரியத்தை நீதிமன்றத்துக்கு மாற்றிற்று. எண்பதுகளின் இழிவுக்குப் பின், 1992இல் அக்கட்டளைச் சட்டம் திருத்தப்பட்டு, வெளிநாட்டாரின் விண்ணப்பங்கள் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் ஆணையாளரின் வழியே செல்லுமாறு இறுக்கப்பட்டன. எனவே எம் மண்ணிலிருந்தே ஒரு பிள்ளையை ஏற்க விரும்பும் வெளிநாட்டுத் தமிழரும் ஆணையாளருக்கே எழுத வேண்டும். "கொழும்பில் எனக்கு ஆளைத் தெரியும்" என்று சொல்லும் மாமன் மச்சானுக்கு இதில் வேலையில்லை.

தனித்தவருக்கென்றே ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வழங்கிய இரு தீர்ப்புகளை இங்கே எடுத்துக்காட்டுவோம். லக்சம்பேர்க் நாட்டுத் தனித்த பெண்ணொருவர் 1996இற் பெரு நாட்டில் மூன்று வயதுப் பிள்ளையொன்றை முறைப்படி மகவேற்றார். பெருவின் நீதிமன்றக் கட்டளை கையில் இருந்தது. பிள்ளையோடு வீடு திரும்பியபோது, தனித்தவருக்கு முழு மகவேற்பு எம் சட்டத்தில் இல்லையென்று சொந்த நாடே கைவிரித்தது. 2007 யூன் 28இலேதான் அந்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஏறத்தாழப் பதினொரு ஆண்டுகள்! பிள்ளையை எடுக்கும் நாடு தனித்தவரை ஏற்பது ஒரு பாதி; வளர்க்கும் நாடு அந்தக் கட்டளையை ஏற்பதே மறுபாதி. இந்த மறுபாதியைப் பற்றி எழுத்தில் விடை தராத நிலையம் உங்களை விமான நிலையம் வரைதான் கொண்டுசெல்லும்.

மற்றத் தீர்ப்பு கசப்பானது. சுவிற்சர்லாந்தில் தனித்த பெண்ணொருவர் வியட்நாமிலிருந்து ஒரு பிள்ளையை ஏற்று நன்றாக வளர்த்தார். நாற்பத்தேழு வயதில் இரண்டாவது பிள்ளைக்கு விண்ணப்பித்தபோது, தாய்க்கும் பிள்ளைக்குமிடையில் வயது இடைவெளி அதிகமென்று மறுக்கப்பட்டார். 2010 யூனில் ஐரோப்பிய நீதிமன்றமும் அம்மறுப்பிற் பிழை காணவில்லை. நாற்பத்திரண்டு வயதுச் சகோதரியார் இதனை மனங்கொள்ள வேண்டும். "வயது ஒரு பொருட்டல்ல" என்று சொல்பவன் உங்கள் நண்பனல்லன். விண்ணப்பம் கிடக்கும் ஆண்டுகளும் உங்கள் வயதோடு கூடும்.

ஒரு கேள்வியை எந்த நல்ல நிலையமும் தனித்தவரிடம் கேளாமல் விடாது: நாளைக்கு நீங்கள் இறந்தால் பிள்ளை யாரிடம்? தம்பதியரில் ஒருவர் போனால் ஒருவர் இருப்பார். தனித்தவருக்குப் பின் பாதுகாவலர் யார், அவர் எழுத்தில் இசைந்துள்ளாரா, மரண சாசனம் எழுதியாயிற்றா, நோயிற் கிடக்கும் ஆறு மாதத்தில் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிச்செல்பவர் யார் என்றெல்லாம் துருவிக் கேட்பார்கள். கேட்கும்போது கோபம் வரும். "மணமானவளிடம் இப்படிக் கேட்பீர்களா?" என்று தோன்றும். கேட்கட்டும். அந்தக் கேள்வியைக் கேளாதவர், பிள்ளை உங்கள் வீட்டுப் படியேறியபின் என்னவாகுமென்று ஒருகணமும் எண்ணாதவர்.

இறுதியாக எமக்கு மிகுந்த சினமூட்டிய செய்தி ஒன்று. இலண்டன் வைத்தியருக்கு ஒரு நிலையத்தார் சொன்ன யோசனை என்ன தெரியுமா? தம்பதியரை மாத்திரம் ஏற்கும் நாடொன்றில், அவருடைய மைத்துனரைக் கணவரெனக் காட்டி ஒரு சத்தியக் கடதாசி முடித்துவிடலாமாம்! பெயர் மாத்திரந்தானாம், பிறகு பிரிந்துவிட்டதாகச் சொல்லலாமாம். இது பொய்ச் சத்தியம். சிறைக்குரிய குற்றம். அதனினும் கொடுமை, வைத்தியர் பிடிபட்டால் அபராதத்தோடு தப்பினாலும் தப்புவார். பொய்யின் மேற் கட்டப்பட்ட கட்டளை சரிந்தால், எந்நாட்டுப் பிரசையும் ஆகாமல் நடுத்தெருவில் நிற்பது பிள்ளை. கொரியாவிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்று, வளர்த்தோரின் கவனக்குறைவால் நாற்பது வயதில் பிரசாவுரிமை இல்லையென்று அறிந்தோர் உளர். பிரசாவுரிமை பறிக்கப்படுவது என்னவென்று, 1948இன் சட்டத்தால் மலையகத்தில் எம் உடன்பிறப்புகள் பட்ட பாட்டைக் கண்ட எமக்கு யாரும் பாடஞ் சொல்ல வேண்டியதில்லை. வைத்தியர் அந்த யோசனையை மறுத்துவிட்டார். அவர் மறுத்தது எமக்குப் பெருமை.

ரொறன்ரோச் சகோதரியாருக்கு நாம் எழுதியனுப்பிய வினாக்கள் ஒன்பது. அனுமதிப்பத்திர இலக்கம், இரு நாட்டு அனுமதி, கடந்த ஐந்தாண்டில் அந்நாட்டில் தனித்தவர் எத்தனை பேருக்கு மகவேற்பு முடித்தீர்கள், உள்ளூர்ப் பிரதிநிதியின் பெயரென்ன, அவருக்குச் சம்பளமா தரகா, தாயின் இசைவுப் பத்திரத்தின் பிரதி பிள்ளை வளர்ந்தபின் எங்கே கிடைக்கும் என்பன அவற்றிற் சில. நிலையத்தார் முதல் வாரத்தில் இரண்டுக்கு விடை எழுதினர்; ஏழு குழந்தைகளில் ஒன்றை வேறொருவர் ‘பதிவு செய்துவிட்டார்’ என்று அவசரமும் படுத்தினர். பிரதிநிதியின் பெயரை மீண்டும் கேட்டபின் கடிதமே இல்லை. மாகாண அமைச்சின் பட்டியலை எடுத்துப் பார்த்தபோது அந்நிலையத்தின் பெயரும் அதில் இல்லை.

முற்பணம் இன்னும் சகோதரியாரின் வங்கிக் கணக்கிலேயே கிடக்கிறது. அவர் இப்போது பட்டியலிலுள்ள நிலையமொன்றுக்கு விண்ணப்பித்திருக்கிறார். கைக்குழந்தை கிடையாதென்றும், ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கு மனம் ஒப்புமாயின் மேலே பேசலாமென்றும் அவர்கள் முதல் நாளே சொல்லிவிட்டனராம். அங்கேயே காப்பின்றிக் கிடக்கும் பிள்ளைகளுக்காக அம்மாகாணத்துச் சிறுவர் உதவிச் சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறார். இல்ல ஆய்வுக்கு வரும் உத்தியோகத்தரின் முதல் வருகை அடுத்த மாதம். தமக்குப் பின் பாதுகாவலராக இருக்கத் தங்கையார் இசைந்துவிட்டதாகவும், மரண சாசனத்தின் நகலைப் பார்த்துத் தருமாறும் நேற்று எழுதியிருந்தார். பார்த்துக்கொண்டிருக்கிறோம்.